கண்ணுக்குள் குடை பிடித்தவள்

எங்க வாகைவிளையில செத்தவங்க திரும்பி வர ஆரம்பிச்சப்போ மத்தவங்களுக்கெல்லாம் சந்தோஷம், எனக்கு மட்டும் தலைவலி. ஏன்னா அவங்க வந்தது என் கம்ப்யூட்டர் வழியா. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புல ஃபிளெக்ஸ் கடை வச்சிருக்கிற ஜெபராணி நான்தான். காதுகுத்து பேனர்ல இருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் எல்லாம் செய்வேன். அதுல பதினாறாம் நாள் காரியத்துக்கு வைக்கிற படத்தை மட்டும், வீட்டுல இருக்கிற பழைய போட்டோக்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, ஒண்ணுல இருந்து மூக்கு, ஒண்ணுல இருந்து நெத்தி, ஒண்ணுல இருந்து தாடையோரத்து மருன்னு பார்த்துப் பார்த்து, முடி முடியா கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, ஆளே உக்காந்திருக்காப்புல ஆக்கிக் குடுப்பேன். அந்தப் படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏத்தினா, அன்னைக்குச் சாயங்காலமே அந்த ஆளு தெருமுக்குல திரும்பி, வாசல்ல செருப்பைக் கழட்டிப் போட்டு, காலைக் கழுவிக்கிட்டு உள்ள வந்துருவாங்க. முதல்ல வந்தவர் மேலத்தெரு தானுமூர்த்தி. வந்ததும் வராததுமா, மோட்டாரை அணைச்சியான்னு பொண்டாட்டிகிட்ட கேட்டாராம். அந்தம்மா அணைச்சிட்டேன்னு சொல்லிட்டு, அதுக்குப் பொறவுதான் அழுதாங்களாம்.

எப்படி வந்தாங்கன்னு ஊருல ஒருத்தரும் என்னைக் கேக்கல. வந்தவங்களுக்கு இலை போடணுமா தட்டுல வைக்கலாமா, ராத்திரி கதவைச் சாத்தலாமா கூடாதா, கல்யாண வீட்டுல மொய் எழுதுற இடத்துல அவங்க பேரைச் சொல்லலாமா, இதுதான் பேச்சு. ஒரு மாசத்துல அதுவும் பழகிப்போச்சு. டீக்கடையில அவங்களுக்குன்னு ஒரு பெஞ்சு ஒதுங்கிச்சு, பால்காரர் கூடுதலா ஒரு டம்ளர் ஊத்தினார். நல்ல படத்துல வந்தவங்க ஆடி அமாவாசை வரைக்கும் இருந்துட்டு, அன்னைக்கு ஆத்துல தர்ப்பணம் குடுத்துட்டு ஆளுங்க திரும்பி வர்றதுக்குள்ள சொல்லாமப் போயிருவாங்க. எங்க கிறிஸ்தவ வேதக்கார வீட்டு ஆளுங்க மட்டும் கல்லறைத் திருநாள் வரைக்கும் இருந்தாங்க, அதுல மத்தவங்களுக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. மோசமான படத்துல வந்தவங்க விளக்கு அணையுற வரைக்கும்தான். எண்ணெயை ஊத்தி ஊத்திப் பார்த்தாங்க, திரியை மாத்திப் பார்த்தாங்க, ஒண்ணும் எடுபடல.

என் தலைவலி அங்கதான். படம் எப்படியோ ஆளும் அப்படி. இதை நான் தொண்டை வத்தச் சொன்னேன், கேட்டாத்தானே! யாரோ வீட்டுக் கல்யாணக் கூட்டத்துல நிக்கிற படத்தைக் கொண்டுவந்து, இதுல இருக்கிற எங்க சித்தப்பாவை மட்டும் எடுத்துக்கிடுங்கன்னு சொன்னாங்க. எடுத்தேன். மனுஷன் தோள்மேல யாரோ ஒருத்தர் கையோட வந்து சேர்ந்தார். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் எதிர்த்த தெருவுல உயிரோட இருந்தார், வரப்புத் தகராறுல ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தன் கை அவர் தோள்ல கிடக்குன்னு கேள்விப்பட்டு ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார், பொறவு உள்ள வந்து பக்கத்துல உக்காந்து காப்பி குடிச்சிட்டுப் போனார். அதாவது பரவாயில்ல. பாதிப் பேருக்கு, செத்தவங்களுக்கு நல்லது செய்யணும்னு நினைப்பு. கலரைக் கொஞ்சம் தூக்கிக் குடு தாயின்னாங்க, தூக்கினேன், அந்தத் தாத்தாவை அவர் வளர்த்த மாடே கிட்ட அண்டவிடல. கழுத்துல ரெட்டைவடச் சங்கிலி போட்டு விடுன்னாங்க, உயிரோட இருந்தப்ப மஞ்சக்கயிறு தவிர ஒண்ணும் போட்டறியாத அந்தப் பெரியம்மா கழுத்து வலிக்கு, கழுத்து வலிக்குன்னே ஆடி வரைக்கும் இருந்துட்டுப் போனாங்க. பின்னாடி பனிமலை இருந்தா அம்சமா இருக்கும்னு ஒரு வீட்டுல கேட்டாங்க, அவங்க அப்பா சித்திரை வெயில்ல வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு வந்து, கம்பளி கேட்டார்.

கடைசியில நான் கடை வாசல்லயே நின்னு கத்த ஆரம்பிச்சேன். காது ரெண்டும் தெரியணும், பல்லு தெரியணும், வெளிச்சம் முகத்துல விழணும், பூமாலை தாடையை மறைக்கக் கூடாது, சிரிக்கிற ஆளுன்னா சிரிச்ச படம், சிடுசிடுத்த ஆளுன்னா சிடுசிடுத்த படம் வேணும், சும்மா பட்டுச்சேலையைக் கட்டி விறைச்சு நிக்கிற படத்தைக் கொண்டுவந்தா ஆடி வரைக்கும் விறைச்சுத்தான் நிப்பாங்க, என்னைக் குத்தம் சொல்லப்படாதுன்னேன். அதுக்குப் பொறவு ஊரே மாறிப்போச்சு. மாமியா திட்டும்போது மருமவ செல்போனைத் தூக்கிப் பிடிச்சா, மாமியாளும் வாயை நல்லாத் திறந்து காட்டித் திட்டினா. தூங்குறவங்களை, இருமுறவங்களை, மீன்முள்ளு எடுத்துத் தின்னுறவங்களை எல்லாத்தையும் படம் எடுத்தாங்க. ஒருத்தரை ஒருத்தர் அவ்வளவு உத்துப் பார்த்து அதுக்கு முன்னால நான் எங்க ஊருல கண்டதில்ல.

ஆனா எல்லாத்துலயும் உசத்தியா வந்தவங்க யாருன்னா, நயினார் அண்ணாச்சி ஸ்டூடியோவுல அந்தக் காலத்துல படம் எடுத்துக்கிட்டவங்க. அண்ணாச்சி நாப்பது வருஷமா தேரடியில ஸ்டூடியோ வச்சிருக்கார். மத்த ஸ்டூடியோவுல எடுத்த படத்துல எல்லாம் ஆளுங்க போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கிற மாதிரி நிப்பாங்க, அண்ணாச்சி படத்துல மட்டும் அத்தனை பேரும் வாய் கொள்ளாமச் சிரிச்சிக்கிட்டு இருப்பாங்க. அவருக்கு அதுல பெருமைன்னா பெருமை. ஆடாம, அசையாம, அண்ணாச்சியைப் பாருங்கன்னு நான் ஒரு மாதிரி இழுத்துச் சொல்லுவேன், அதுலதான் சிரிச்சிருவாங்கன்னு சொல்லிக்குவார். ஒரே ஒரு குறை, அவர் படத்துல யாரும் நேராப் பார்க்க மாட்டாங்க. கேமராவுக்கு ஒரு சாண் தள்ளித்தான் பார்ப்பாங்க. அதனால அந்தப் படங்கள்ல இருந்து திரும்பி வந்தவங்களும் நம்மகூடப் பேசும்போது நமக்கு இடதுபக்கமா, அங்க இன்னொரு ஆளு நிக்கிற மாதிரி பார்த்துச் சிரிப்பாங்க. அதுவும் எங்களுக்குப் பழகிப்போச்சு.

ஊருக்கே படம் எடுத்த மனுஷன், சொந்தப் பொண்டாட்டிக்கு ஒரு படம் எடுக்கல. உலகம்மா மதினி போன தைமாசம் தவறிட்டாங்க. அவங்க கல்யாணத்துல எடுத்த பிலிம் ரோலுல வெளிச்சம் பட்டுப் பாழாப்போச்சு. அதுக்குப் பொறவு மதினிதான் ஸ்டூடியோவுல வெள்ளைக்குடை பிடிச்சது. விளக்கு வெளிச்சத்தை முகத்துல மெத்துனு விழவைக்க ஒரு வெள்ளைக்குடை பிடிப்பாங்கல்ல, அது. அண்ணாச்சிக்கு இடதுபக்கம் குடையோட நின்னா, கடை சாத்துற வரைக்கும் நிப்பாங்க. குடை பிடிக்கிற ஆளை யாரு படம் எடுப்பா? வெளிய கல்யாணங்களுக்குப் போனாலும் அதே குடைதான், அதே இடம்தான். அடையாள அட்டைக்கு எங்கயோ போய் எடுத்துக்கிட்ட தபால்தலை அளவுப் படம் ஒண்ணுதான் வீட்டுல இருந்தது. அதுலயும் முடி காதை மூடியிருந்தது, மூஞ்சி வெளிறிப்போயிருந்தது.

அதை வச்சுச் செய்ய வேண்டாம்னு நான் எவ்வளவோ சொன்னேன். அண்ணாச்சி கேக்கல, நானும் செஞ்சேன். மதினி வந்தாங்க, ஆனா தேஞ்ச சோப்பு மாதிரி வந்தாங்க. மூக்கு எது வாய் எதுன்னு தெரியாத முகத்தோட வாசப்படியில நின்னாங்க. அண்ணாச்சி உலகு, உள்ள வா, உலகுன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். அவங்களுக்குக் காது கேக்கல, படத்துல காது இல்லியே. விளக்கு அணைஞ்சதும் வாசல்ல ஆளில்ல. அண்ணாச்சி ரொம்ப நேரம் படியில உக்காந்திருந்தார். மறுநாள் என் கடைக்கு வந்து, ஒருதடவை அவ முகத்தைச் சரியாப் பார்த்துட்டாப் போதும் தாயி, இப்ப கண்ணை மூடினா எனக்கு அந்த அழிஞ்ச மூஞ்சிதான் வருதுன்னு சொன்னார். செஞ்சு குடுத்தவ நான்தானே.

நான் எந்தப் படத்துலயும் கண்ணைக் கடைசியாத்தான் வரைவேன். பங்குனியில ஒரு டீச்சரோட அம்மா படம் ஒண்ணு, அண்ணாச்சி ஸ்டூடியோவுல பெருசா எடுத்துச் சுவத்துல மாட்டியிருந்தது, அதை வச்சு வரைஞ்சுக்கிட்டிருந்தேன். கண்மணியில ஒரு வெள்ளைப்புள்ளி இருந்தது. பெருசாக்கிப் பார்த்தேன், குடை. குடைக்குக் கீழ கடுகளவுக்கு ஒரு ஆள் உருவம் நின்னது. அடுத்த படத்தை எடுத்தேன், அதுலயும் நின்னது. எங்க வீட்டு ஆல்பத்தைத் தேடி எடுத்தேன். என் முதல் பொறந்தநாளுக்கு அண்ணாச்சி எடுத்த படத்துல, முழி பிதுங்க உக்காந்திருக்கிற என் கண்ணுக்குள்ளயே மதினி நின்னாங்க. நான் அவங்க முகத்தை அவ்வளவு பக்கத்துல பார்த்திருக்கேன், ஞாபகம்தான் இல்ல.

அண்ணாச்சிகிட்ட சொன்னேன். ஒரு கண்ணுல கடுகளவுதான் இருக்கு, ஆனா ஊருல எத்தனை கண்ணு, எல்லாத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கினா ஒரு முகம் வந்துரும்னேன். அவர்கிட்ட நெகட்டிவ் இல்ல, ஒரு மழையில கடைக்குள்ள தண்ணி ஏறி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடுச்சு. அதனால ஊருகிட்ட கேட்டோம். கேட்ட மறுநாளே வந்து குவிஞ்சது பாருங்க! சுவத்துல ஆணியோட பிடுங்கிட்டு வந்தாங்க, பீரோவுல சேலை மடிப்புக்குள்ள இருந்து எடுத்துட்டு வந்தாங்க, விவாகரத்து ஆனவங்க கூடக் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிட்டு வந்தாங்க. திரும்பி வந்திருந்தவங்களும் வந்து பெஞ்சுல வரிசையா உக்காந்து, என் கண்ணைப் பாரு, என் கண்ணைப் பாருன்னு முழிச்சுக் காட்டினாங்க. எனக்கு இடதுபக்கமாப் பார்த்துத்தான்.

நானும் அடுக்க ஆரம்பிச்சேன், ஆனா அடுக்க அடுக்க முகம் கலங்கிக்கிட்டே போச்சு. ஏன்னு புரியாம ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பெருசாக்கிப் பார்த்தேன். மதினி ஒரு படத்துல நாக்கைத் துருத்திக்கிட்டு நின்னாங்க. ஒண்ணுல குடையைத் தலையில கவுத்தியிருந்தாங்க. ஒண்ணுல ரெண்டு விரலால மூக்கைத் தூக்கிப் பிடிச்சிருந்தாங்க. பொண்ணு பார்க்கிறதுக்குப் படம் எடுக்க வந்த பிள்ளைங்களுக்கு ஒரு முகம், அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த கிழவங்களுக்கு ஒரு முகம்னு நாப்பது வருஷமா ஆளுக்கு ஏத்தாப்புல கோணங்கி காட்டியிருக்காங்க. ஊரு சிரிச்சது அண்ணாச்சி சொன்ன வசனத்துக்கு இல்ல.

அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தார். ஒவ்வொரு கண்ணாப் பார்த்துக்கிட்டே வந்தார். குடையை மடக்கித் துடுப்பு போடுற மாதிரி நின்ன ஒரு படத்துல வந்ததும் திரையில விரலை வச்சார்.

"பக்கத்துலதான் தாயி நின்னா. ஒரு கை நீட்டினாத் தொடலாம். என் கண்ணு கேமராக்குள்ள இருந்துட்டு."

கொஞ்சநாள் கழிச்சு ஒண்ணு கவனிச்சேன். சின்னப்பிள்ளைங்க எல்லாருக்கும் மதினி ஒரே முகத்தைத்தான் காட்டியிருந்தாங்க. கன்னத்தை உப்பிக்கிட்டு, ஒத்தைக் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, கேமராக்குள்ள பார்க்கிற அண்ணாச்சியை மாதிரியே. பிள்ளைங்க கண்ணும் பெருசு, பளிங்கு மாதிரி இருக்கும். ஊருல ஒருவயசுப் படமாப் பொறுக்கி எடுத்து, புள்ளி மேல புள்ளியா அடுக்கினேன். வெயில் காலம் முழுக்க வேற வேலை பார்க்கல. மூக்கு வந்தது, காது வந்தது, காதுல சின்னத் தோடு வந்தது. கன்னம் உப்பின மதினி முழுசா வந்து நின்னாங்க, கண்மணிக் கருப்புல இருந்து கலர் மட்டும் தேறல.

படம் முடிஞ்சதும் ஊருல ஆளாளுக்குப் பேச்சு. செத்த பொம்பளை படம் இப்படியா கோணிக்கிட்டு இருக்கிறது, கன்னத்தைக் கொஞ்சம் அமுக்கி விடு, கண்ணைத் திறந்து விடு, நெத்தியில பெரிய பொட்டு வை, சேலைக்குக் கலர் குடுன்னு சொன்னாங்க. அண்ணாச்சி முதல்தடவையா எல்லார்மேலயும் எரிஞ்சு விழுந்தார். அவ காட்டாத எதையும் நீங்க ஒட்டவைக்காதீங்க, ஒரு பூ கூட வேண்டாம்னுட்டார். என்கிட்ட தனியா, இது எவ்வளவு நேரம் தாங்கும்னு கேட்டார். எத்தனை அடுக்கினாலும் கடுகு கடுகுதான் அண்ணாச்சி, விளக்கு அணையுற வரைக்கும்தான்னு உள்ளதைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கிட்டார்.

ஆனி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டூடியோவுலயே படத்தை வச்சு விளக்கு ஏத்தினோம். ஊரு ரோட்டுல நின்னது. பொழுது சாயவும் தேரடி முக்குல இருந்து மதினி வந்தாங்க, கலரில்லாம, வெள்ளையும் கருப்புமா, கையில குடையோட. நேர எதிர்ல நின்னவங்களுக்கு அச்சு அசலாத் தெரிஞ்சாங்க, பக்கவாட்டுல நின்னவங்களுக்குப் புகையாத் தெரிஞ்சாங்க, பக்கவாட்டுல இருந்து எந்தக் கண்ணும் அவங்களைப் பார்த்ததில்லையே. யாரையும் ஏறிட்டுப் பார்க்கல. செருப்பைக் கழட்டிட்டு உள்ள போய், கேமரா ஸ்டாண்டுக்கு இடதுபக்கம், அவங்க இடத்துல நின்னு, குடையை விரிச்சு, படம் எடுக்க வர்றவங்க உக்கார்ற ஸ்டூலைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. அண்ணாச்சி பழக்கதோஷத்துல போய் கேமராவுக்குப் பின்னால நின்னார். நின்னவருக்கு இடதுபக்கம் வெறும் புகைதான். உலகுன்னு கூப்பிட்டார், காது இருந்தும் மதினி திரும்பல, கவனமெல்லாம் ஸ்டூல்லயேதான். முன்னால போய் நின்னு பார்த்தார். அவங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்கன்னு சொல்ற மாதிரி கொஞ்சம் நகர்ந்து, மறுபடியும் ஸ்டூலைத்தான் பார்த்தாங்க. அவர் இப்படிப் போக, அவங்க அப்படி நகர, எண்ணெய் பாதிக்கு இறங்கிட்டு. எனக்குப் பொறுக்கல.

"அண்ணாச்சி, நீங்க போய் ஸ்டூல்ல உக்காருங்க."

அவர் என்னை வெறிச்சுப் பார்த்தார். அது வர்றவங்க உக்கார்ற இடம்லான்னு முனங்கினார். நாப்பது வருஷத்துல ஒருநாள் கூட அவர் அதுல உக்காந்ததில்ல. அப்படியே போய் உக்காந்து, ரெண்டு கையையும் முழங்கால்ல வச்சு, எத்தனை பேரை அதுக்காகத் திட்டியிருப்பாரோ அந்த மாதிரியே விறைச்சு இருந்தார். நான் கேமராவுக்குப் பின்னால போய்க் கண்ணை வச்சேன். வச்சதும் எனக்கும் மதினி தெரியல, பக்கத்துல குடைச்சீலை சரசரக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அண்ணாச்சி முகத்துல வெளிச்சம் மெத்துனு விழுந்தது.

முதல்ல அவருக்குக் கண்ணு நிறைஞ்சு கொட்டிச்சு. மதினி கன்னத்தை உப்பிக் காட்டியிருக்கணும், அவர் சிரிக்கல, இன்னும் அழுதார். சரசரப்பு கூடிச்சு. வேற ஒண்ணு, வேற ஒண்ணுன்னு மதினி காட்டிக்கிட்டே இருந்திருக்கணும், நான் எந்தக் கண்ணுலயும் பார்க்காத கோணங்கியெல்லாம் அன்னைக்குக் காட்டியிருக்காங்க. ஏன்னா அண்ணாச்சி உதடு ஒரு ஓரமா இழுத்தது, அடக்கப் பார்த்தார், முடியல, தோள் குலுங்க, பொக்கை தெரிய, மூக்குல ஒழுகுறதைத் துடைக்காம அந்த மனுஷன் சிரிச்சார். ரோட்டுல நின்ன ஊரும் கூடவே சிரிச்சது. நான் கேமரா பட்டனை அமுக்கலாம்னு போனேன், என்னமோ விரல் நின்னுட்டு. சிரிப்பு அடங்கி, குடைச்சத்தமும் அடங்கி, அவர் எனக்கு இடதுபக்கமா ஒரு சாண் தள்ளி, இமைக்காமப் பார்த்தார். அப்பத்தான் அமுக்கினேன். நிமிர்ந்து திரும்பினா விளக்குல புகை போய்க்கிட்டிருந்தது, குடை மடக்கிச் சுவத்துல சாத்தியிருந்தது.

மறுநாள் காலையில அந்தப் படத்தைத் திறந்து அண்ணாச்சி கண்ணைப் பெருசாக்கினேன். மதினி போன பொறவு அண்ணாச்சி வாங்கின புதுக் கேமரா, எவ்வளவு பெருசாக்கினாலும் உடையல. மதினி குடையை இறக்கிப் பிடிச்சிருந்தாங்க. கன்னம் உப்பல, நாக்கு நீட்டல, ஒண்ணும் பண்ணல. சும்மா அவரைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. அந்த முகத்தை எங்க ஊருல ஒரு கண்ணும் பார்த்ததில்ல. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பொறவு நான்தான் சொன்னேன், காது தெரியுது, வகிடு தெரியுது, கலரும் இருக்கு, இதுக்கு மேல ஒரு நல்ல படம் யாருக்கும் கிடைக்காது, இதை வச்சுச் செஞ்சா ஆடி அமாவாசை வரைக்கும் முழுசா இருப்பாங்க, சொல்லுங்க, இன்னைக்கே ஆரம்பிக்கேன்னேன்.

அவர் வேண்டாம்னு சொல்லுவார்னு நான் நினைக்கவே இல்ல. திரும்பவும் அவளை அனுப்ப எனக்குத் தெம்பு இல்ல தாயின்னார். எழுந்து வாசல் வரைக்கும் போனவர் நின்னார்.

"என் காரியத்துக்கு இந்தப் படத்தையே வை. நரையைக் கருப்பாக்கு, பல்லைக் கட்டிவிடு, என்னமும் பண்ணு. கண்ணை மட்டும் தொட்டுராத. ரெண்டுபேரும் சேர்ந்து வந்துட்டுச் சேர்ந்தே போயிருதோம்."

அந்தப் படம் என்கிட்டதான் இருக்கு. அண்ணாச்சியும் நல்லாத்தான் இருக்கார், தேரடியில கடையைத் திறக்கார், ஆடாம அசையாமன்னு சொல்றதை மட்டும் விட்டுட்டார். சாயங்காலம் டீக்கடைக்கு வரும்போது தனக்கு இடதுபக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டு நடந்து வாறார். எதிர்ல வர்ற நாங்களும் அந்த இடத்தை விட்டு ஒதுங்கித்தான் போறோம்.